கருப்பைத் தசையை இளக்கும் வாயுக்கள்: உடலுக்குள் உண்டாவதும் வெளியிலிருந்து வருவதும்

கேள்வி: சாயல்குடியை அடுத்த கடலோரக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவருடைய தங்கைக்கு இது இரண்டாவது கர்ப்பம். 28 வாரம் முடிந்திருக்கிறது. மூத்த பிள்ளை 35 வாரத்திலேயே பிறந்தவன். சில வாரங்களாகச் சாயங்காலமானால் வயிறு கல்லைப் போல இறுகி, சற்று நேரத்தில் தளர்ந்துவிடுகிறது. மாமியார் அதைச் சூட்டு வலி என்று சொல்லிச் சீரகத் தண்ணீர் வைத்துக் கொடுக்கிறார். ஸ்கேனில் குழந்தையின் எடை சற்றுக் குறைவாகத் தெரிந்ததால் மருத்துவர் ஆர்ஜினின் பொடியும், இரவில் வைத்துக்கொள்ளப் புரோஜெஸ்டிரோன் மாத்திரையும் எழுதியிருக்கிறார். இதற்கிடையில், நைட்ரிக் ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்ஃபைடு ஆகிய வாயுக்கள் கருப்பைத் தசையை இளக்கிப் பிரசவ வலியைத் தள்ளிப்போடுகின்றன என்று இவர் எங்கோ படித்திருக்கிறார். அதனால் அவருக்கு மூன்று சந்தேகங்கள். அப்பாவின் நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை நைட்ரிக் ஆக்சைடு தரும் என்கிறார்களே, நள்ளிரவில் வலி வந்தால் அதைத் தங்கைக்குக் கொடுக்கலாமா? ஆர்ஜினின் பொடியும் இதே வேலையைத்தான் செய்கிறதா, கூட்டிக் கொடுக்கலாமா? வீட்டுக்குப் பின்னால் கரிமூட்டம் போடுகிறார்கள், கரையில் பாசி அழுகி நாறுகிறது. இந்தக் காற்று தங்கைக்கு நல்லதா, கெட்டதா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் மாத்திரையை எந்தக் காரணத்துக்காகவும் தங்கைக்குக் கொடுக்க வேண்டாம். ஆர்ஜினின் பொடியை எழுதிக் கொடுத்த அளவிலேயே தொடருங்கள். கரிமூட்டப் புகை உங்கள் தங்கைக்கும் வயிற்றிலிருக்கும் குழந்தைக்கும் கெடுதல். அதில் நன்மை எதுவும் இல்லை. மூத்த பிள்ளை குறை மாதத்தில் பிறந்திருப்பதால், சாயங்கால இறுக்கத்தைச் சூட்டு வலி என்று ஒதுக்கிவிடாமல் இந்த வாரத்திலேயே ஒருமுறை மருத்துவமனைக்குப் போய்க் கருப்பை வாயின் நீளத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். இவற்றுக்கான காரணங்களைக் கீழே விரிவாக எழுதுகிறேன். காரணம் புரிந்தால்தான் நெருக்கடியான நேரத்தில் வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் உங்களால் உறுதியாக எடுத்துச் சொல்ல முடியும்.

நீங்கள் படித்த செய்தி பொய்யல்ல. அந்த மூன்று வாயுக்களும் நம் உடலின் உயிரணுக்களுக்குள்ளேயே மிக நுண்ணிய அளவில் உண்டாகின்றன. சாப்பாட்டால் வயிற்றில் சேரும் வாயுவுக்கும் இவற்றுக்கும் தொடர்பில்லை. ஓர் உயிரணுவிலிருந்து பக்கத்து உயிரணுவுக்குச் செய்தி கொண்டுபோவதுதான் இவற்றின் வேலை. பல ஹார்மோன்களுக்கு உயிரணுவின் மேல் அவற்றைப் பற்றிக்கொள்ளும் தனித்தனி ஏற்பிகள் வேண்டும். இவையோ வாயுவாக இருப்பதால் உயிரணுவின் சவ்வை நேராகக் கடந்து உள்ளே போய்விடுகின்றன. அதே காரணத்தால் இவற்றைச் சேமித்து வைக்கவும் முடியாது. தேவைப்படும் இடத்தில், தேவைப்படும் நொடியில் உண்டாகி, வேலையை முடித்துவிட்டு மறைந்துவிடுகின்றன. நைட்ரிக் ஆக்சைடின் ஆயுள் சில நொடிகள்தான். இந்த ஒரு விவரத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் உங்கள் மூன்று கேள்விகளுக்கும் உரிய விடை பாதி புரிந்துவிடும்.

கருப்பைத் தசை எப்படி இறுகுகிறது என்பதைப் பார்ப்போம். தசை உயிரணுவுக்குள் கால்சியம் புகும்போது அது கால்மோடுலின் என்ற புரதத்துடன் சேர்ந்து ஒரு நொதியைத் தூண்டுகிறது, அந்த நொதி மயோசின் இழைகளை உசுப்ப, அவை ஆக்டின் இழைகளைப் பற்றி இழுக்கின்றன, தசை சுருங்குகிறது. பிரசவத்தைத் தூண்டும் ஆக்சிடோசினும் புரோஸ்டாகிளாண்டினும் இந்தக் கால்சியத்தைக் கூட்டுபவை. கர்ப்பத்தின் பெரும்பகுதியில் தசை உயிரணுக்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தனித்தனியே இறுகுவதால் வயிறு இறுகினாலும் குழந்தை கீழே தள்ளப்படுவதில்லை. பேறுகாலம் நெருங்கும்போது உயிரணுக்களுக்கிடையே கனெக்ஸின்-43 என்ற புரதத்தால் ஆன நுண்பாதைகள் பெருகுகின்றன. அதன்பிறகு, கரைவலை இழுப்பவர்கள் ஒரே குரலுக்குச் சேர்ந்து இழுப்பதைப் போல, கருப்பை முழுவதும் ஒன்றாக இறுகுகிறது. அதுதான் உண்மையான பிரசவ வலி. அதுவரை தசையை அமைதியாக வைத்திருக்கும் பொறுப்பு பெரும்பாலும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனுடையது; அதற்குத் துணை நிற்பவற்றில் இந்த வாயுக்களும் அடங்கும்.

இவற்றில் நன்கு அறியப்பட்டது நைட்ரிக் ஆக்சைடு. நெஞ்சுவலிக்கு நைட்ரோகிளிசரின் கொடுக்கும் பழக்கம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே உண்டு. ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்பது நூறு ஆண்டுக்காலம் தெரியாமலே இருந்தது. அந்த மருந்து உடலில் நைட்ரிக் ஆக்சைடை வெளியிடுகிறது என்பதை 1977இல் ஃபெரிட் முராட் கண்டார். ரத்தக் குழாயின் உட்சுவரிலிருந்து தசையை இளக்கும் ஏதோ ஒன்று சுரக்கிறது என்பதை ராபர்ட் ஃபர்ச்காட் 1980இல் வெளியிட்டார். அந்த ஏதோ ஒன்றும் நைட்ரிக் ஆக்சைடுதான் என்பது சில ஆண்டுகளில் தெளிவானது. லூயி இக்னாரோவையும் சேர்த்து மூவருக்கும் 1998இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்திலிருந்து ஒரு நொதி இந்த வாயுவை உண்டாக்குகிறது. அது தசைக்குள் சென்று குவானிலைல் சைக்ளேஸ் என்ற மற்றொரு நொதியைத் தூண்டி, அதன் வழியாகக் கால்சியத்தின் அளவைக் குறைத்துத் தசையைத் தளர்த்துகிறது.

கருப்பைத் தசையில் இதைச் சோதிக்கும் முறையைச் சொன்னால் உங்களுக்கு இன்னும் தெளிவாகும். சிசேரியன் அறுவையின்போது, தாயின் சம்மதத்துடன், வெட்டிய விளிம்பிலிருந்து தீக்குச்சி அளவு தசை எடுக்கப்படுகிறது. உப்பும் சர்க்கரையும் கலந்த, 37 டிகிரி வெப்பத்தில் வைத்த கரைசலில் அந்தத் துண்டைத் தொங்கவிட்டு, ஆக்சிஜனைக் குமிழ்களாகச் செலுத்திக்கொண்டே இருப்பார்கள். மேல்முனை விசையை அளக்கும் கருவியோடு கட்டப்பட்டிருக்கும். சற்று நேரம் சும்மா கிடக்கும் அந்தத் துண்டு, யாரும் தூண்டாமலே தானாகச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை இறுகித் தளரத் தொடங்கும். திரையில் மலை மலையாகக் கோடு எழும். அந்தக் கரைசலில் நைட்ரிக் ஆக்சைடு தரும் மருந்தைச் சேர்த்தால் மலைகள் சிறுத்து, பிறகு நின்றுபோகும். வியப்பு என்னவென்றால், குவானிலைல் சைக்ளேஸை வேறொரு மருந்தால் முடக்கிவிட்ட பிறகும் கருப்பைத் தசை நைட்ரிக் ஆக்சைடுக்கு இளகுகிறது. ரத்தக் குழாயில் முதன்மையாக உள்ள வழியை மட்டும் கருப்பை நம்பியிருக்கவில்லை. நைட்ரிக் ஆக்சைடு நேரடியாகத் தசைப் புரதங்களோடு ஒட்டி அவற்றை மாற்றுவதும் இங்கே நடக்கிறது. நெஞ்சுவலிக்கு நன்றாகக் கேட்கும் மருந்து கருப்பைக்கும் அப்படியே கேட்கும் என்று எண்ணிவிட முடியாததற்கு இது ஒரு காரணம்.

கார்பன் மோனாக்சைடு பெயரைக் கேட்டதுமே பயம் வருவது நியாயம்தான். ஆயினும் பழைய சிவப்பணுக்களிலுள்ள ஹீம் என்ற இரும்புச் சேர்மம் சிதையும்போது ஹீம் ஆக்சிஜனேஸ் என்ற நொதியின் செயலால் நம் எல்லோருடைய உடலிலும் சிறிதளவு கார்பன் மோனாக்சைடு எப்போதும் உண்டாகிக்கொண்டுதான் இருக்கிறது. கர்ப்பிணிகளின் கருப்பைத் தசையில் இந்த நொதி பல மடங்கு கூடியிருப்பதையும், புரோஜெஸ்டிரோன் அதைக் கூட்டுவதையும், நொதியைத் தூண்டினால் தசையின் இறுக்கம் குறைவதையும் 1998இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. உங்கள் தங்கை இரவில் வைத்துக்கொள்ளும் மாத்திரை கருப்பையை அமைதிப்படுத்தும் பல வழிகளில் இதுவும் ஒன்றாக இருக்கலாம். எல்லாச் சோதனைகளும் ஒரே முடிவைத் தரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். குவானிலைல் சைக்ளேஸை நைட்ரிக் ஆக்சைடு நூறு மடங்குக்கு மேல் தூண்டும் என்றால், கார்பன் மோனாக்சைடு சில மடங்குதான் தூண்டுகிறது.

மூன்றாவதான ஹைட்ரஜன் சல்ஃபைடு, அழுகிய முட்டையின் நாற்றம் கொண்ட வாயு. சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்திலிருந்து கருப்பையிலும் நஞ்சுக்கொடியிலும் குழந்தையைச் சுற்றியுள்ள சவ்விலும் இது உண்டாகிறது. தசை உயிரணுவின் பொட்டாசியம் வாசல்களைத் திறந்துவிட்டு, கால்சியம் உள்ளே வருவதைக் குறைப்பது இது இளக்கும் வழிகளில் ஒன்று. இதை உண்டாக்கும் நொதிகள் வலி தொடங்கிய கருப்பையில் குறைந்திருப்பதும் தெரிந்திருக்கிறது. ஆனால் சோதனைக் கரைசலில் இதன் அளவை மாற்றிப் பார்த்தபோது, கூடிய அளவில் தசையை இளக்கிய அதே பொருள் குறைந்த அளவில் இறுக்கத்தைக் கூட்டியதும் உண்டு. அளவு சற்று மாறினால் விளைவே தலைகீழாகும் பொருளை வீட்டில் வைத்துக் கையாள்வதற்கு வழியே இல்லை.

இனி நான் மிக முக்கியம் என்று கருதும் இடத்துக்கு வருகிறேன். கருப்பைக்கு இரண்டு பகுதிகள் உண்டு: குழந்தையைச் சுமக்கும் உடற்பகுதி, அதைக் கீழே மூடிக் காக்கும் வாய்ப்பகுதி. உடற்பகுதி பெரும்பாலும் தசை. வாய்ப்பகுதி பெரும்பாலும் கொலாஜன் நார். நைட்ரிக் ஆக்சைடு உடற்பகுதியை இளக்கிக் குழந்தையை உள்ளே வைத்திருக்க உதவுகிறது என்பது உண்மை. அதே நைட்ரிக் ஆக்சைடு வாய்ப்பகுதியின் நார்களைத் தளர்த்தி, அதை மென்மையாக்கித் திறக்கவும் உதவுகிறது. பேறுகாலம் நெருங்கும்போது கருப்பை வாயில் இதன் உற்பத்தி கூடுகிறது. உடற்பகுதியில் இதன் பிடி தளர்கிறது. ஐசோசார்பைடு மோனோநைட்ரேட் என்ற, இதயத்துக்குக் கொடுக்கும் மருந்தையே, பிரசவத்தைத் தூண்டுவதற்கு முன் கருப்பை வாயைப் பதமாக்கப் பயன்படுத்திப் பார்த்த ஆய்வுகள் பல உண்டு. உங்கள் அப்பாவின் மாத்திரையும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததாகவே இருக்கும். வலியை நிறுத்தும் என்று நம்பி நீங்கள் கொடுக்க நினைக்கும் மருந்து, பூட்டியிருக்க வேண்டிய வாயைத் தளர்த்தும் இயல்பும் உடையது என்பதை எண்ணிப் பாருங்கள்.

மருத்துவமனையில் இந்த மருந்தை நாங்கள் பயன்படுத்துகிறோமே என்று கேட்கலாம். பயன்படுத்துகிறோம், அது எப்போது என்பதைச் சொல்கிறேன். குழந்தை பிறந்து நஞ்சுக்கொடி வெளியே வராமல் கருப்பை அதைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும் நேரம், அல்லது சிசேரியனில் குழந்தையின் தலை இறுகிய தசைக்குள் சிக்கிக்கொள்ளும் நேரம் உண்டு. அப்போது மகப்பேறு மருத்துவரின் கை உள்ளே இருக்கும். விரல்களைச் சுற்றித் தசை வளையமாக இறுகியிருக்கும். இழுத்தால் கிழியும் என்பதால் கையை அசைக்காமல் நிறுத்தி வைத்திருப்போம். மயக்க மருத்துவர் ஊசி வழியாக மைக்ரோகிராம் கணக்கில் நைட்ரோகிளிசரினைச் செலுத்துவார். ஒரு நிமிடத்துக்குள் அந்த வளையம் விரல்களுக்கடியில் நெகிழ்வது தெரியும். வேலையை முடிக்கக் கிடைப்பவை சில நிமிடங்களே. அதற்குள் மருந்தின் வேகம் தீர்ந்து தசை மறுபடி இறுகிவிடும். அப்படி இறுக வேண்டியதும் அவசியம், இல்லையென்றால் ரத்தப்போக்கு நிற்காது. அந்தச் சில நிமிடங்களும் ரத்த அழுத்தத்தைக் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இதையெல்லாம் வீட்டில் செய்ய முடியாது. மாத்திரையால் தாயின் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கினால் நஞ்சுக்கொடிக்குப் போகும் ரத்தமும் குறையும். ஏற்கெனவே எடை குறைந்த குழந்தைக்கு அது தாங்காது.

குறை மாத வலியை நிறுத்தத் தோலில் ஒட்டும் நைட்ரோகிளிசரின் பட்டைகளையும் 1990களிலிருந்து சோதித்துப் பார்த்தார்கள். தாய்மார்களுக்குத் தலைவலி மிகுந்தது. குழந்தைக்குத் தெளிவான நன்மை உறுதிப்படவில்லை. அதனால் அது வழக்கமான சிகிச்சையாக நிலைபெறவில்லை. வலியைச் சற்றுத் தள்ளிப்போட இன்று பெரும்பாலும் கொடுக்கப்படுவது நிஃபெடிபின். அது கால்சியம் உள்ளே வரும் வாசலையே அடைப்பது.

ஆர்ஜினின் பொடிக்கு வருகிறேன். உங்கள் மருத்துவர் அதை எழுதிக் கொடுத்தது வலியை நிறுத்துவதற்காக அல்ல. ஆர்ஜினினிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு உண்டாவதால் நஞ்சுக்கொடியின் ரத்தக் குழாய்கள் விரிந்து குழந்தைக்கு ஊட்டம் கூடலாம் என்ற எதிர்பார்ப்பில், எடை குறைந்த குழந்தைகளுக்கும் பனிக்குட நீர் குறைந்தவர்களுக்கும் நம் ஊரில் இதைப் பரவலாகக் கொடுக்கிறார்கள். பலன் பற்றிய ஆய்வு முடிவுகள் ஒருமித்தவை அல்ல. சொன்ன அளவில் எடுத்தால் பெரும்பாலோருக்கு இதனால் தீங்கில்லை. ஒரு பொட்டலத்துக்குப் பதில் இரண்டு கொடுத்தால் நைட்ரிக் ஆக்சைடு இரண்டு மடங்காகிவிடாது. அதை உண்டாக்கும் நொதி தன் அளவுக்குத்தான் வேலை செய்யும், வயிற்றோட்டம்தான் மிஞ்சும். சாப்பாட்டில் பருப்பு, நிலக்கடலை, எள், உங்கள் கரையில் மலிவாகக் கிடைக்கும் சாளை, நெத்திலி ஆகியவற்றைச் சேர்த்துக்கொண்டால் ஆர்ஜினினுடன் மற்றச் சத்துகளும் சேர்ந்து வரும்.

இதே பாதையில் வேலை செய்து ரத்தக் குழாயை விரிக்கும் சில்டெனாஃபில் என்ற மருந்து பற்றியும் எச்சரிக்க வேண்டும், ஏனென்றால் குழந்தையின் எடையைக் கூட்டும் மருந்து என்று அதையும் சிலர் பரிந்துரைப்பதுண்டு. வளர்ச்சி மிகவும் குன்றிய குழந்தைகளுக்காக நெதர்லாந்தில் நடந்த ஒரு பெரிய ஆய்வை 2018இல் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. அந்த மருந்து கொடுக்கப்பட்ட தாய்மார்களின் குழந்தைகளில் பிறந்தபின் நுரையீரல் ரத்த அழுத்தக் கோளாறும் இறப்பும் கூடுதலாகக் காணப்பட்டதே காரணம். தத்துவத்தில் சரியாகத் தோன்றிய ஒன்று குழந்தைகளிடம் வந்தபோது தவறாகிப்போனது. யாராவது மருந்துக்கடையில் கேட்டு வாங்கித் தந்தால் மறுத்துவிடுங்கள்.

இப்போது கரிமூட்டம். நம் மாவட்டத்தில் சீமைக்கருவேலை வெட்டிக் கரி எடுப்பது எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போடும் தொழில் என்பதை நான் அறிவேன். அந்தத் தொழிலைக் குறை கூறுவதற்காக இதை எழுதவில்லை. விறகை அடுக்கி, வைக்கோல் போட்டு, மண் பூசி, காற்று அதிகம் புகாமல் நாள்கணக்கில் வேகவிடும்போது விறகு முழுதாக எரியாது. முழுதாக எரியாத இடத்தில் எல்லாம் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. புகை குறைந்துவிட்டது என்று நாம் நினைக்கும் நேரத்திலும் அது வந்துகொண்டிருக்கும். ரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட இதை இருநூறு மடங்குக்கு மேல் விரும்பிப் பற்றிக்கொள்ளும். தாயின் ரத்தத்திலிருந்து அது குழந்தைக்குக் கடந்து போகிறது. போய்ச் சேர நேரமாகும், ஆனால் சேர்ந்துவிட்டால் குழந்தையின் ரத்தத்தில் அது தாயைவிடக் கூடுதலாகத் தங்கும், மெதுவாகத்தான் வெளியேறும். தாய்க்கு இலேசான தலைவலியாகத் தோன்றும் அளவே குழந்தைக்கு ஆக்சிஜன் பஞ்சமாகிவிடலாம். கருப்பைத் தசைக்குள் ஒரு நொதி, அந்த இடத்தில் மட்டும், கண்ணுக்குத் தெரியாத அளவில் உண்டாக்கும் கார்பன் மோனாக்சைடு ஒரு செய்தி; மூச்சு வழியாக வருவதோ கருப்பையைப் போய்ச் சேர்வதற்கு முன்பே ரத்தத்தின் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்கிறது. தசையை இளக்க அதில் மிச்சம் எதுவும் வந்து சேரும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் ஆகியவை இந்த நச்சின் அடையாளங்கள். கர்ப்பிணிக்கு இவை வந்தால் மசக்கை மிச்சம், பித்தம் என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். புகை அடிக்கும் நாளில் மட்டும் வருகிறதா, வெளியூர் போனால் நின்றுவிடுகிறதா, அதே நேரத்தில் வீட்டில் மற்றவர்களுக்கும் தலை வலிக்கிறதா என்று கவனியுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி இதைக் காட்டிக்கொடுக்காது. 98 என்று காட்டினாலும் நம்பிவிட முடியாது. மூட்டம் எரியும் நாள்களில் தங்கை புகை வீசாத திசையில் உள்ள உறவினர் வீட்டில் தங்கட்டும்; மூட்டத்துக்கு அருகில் படுத்துறங்கக் கூடாது; மூட்டத்தைப் பிரிக்கும் வேலைக்குப் போகவே கூடாது. சமையலுக்குக் கருவேல விறகு எரித்தால், பேறுகாலம் வரையிலாவது கேஸ் அடுப்புக்கு மாற்றுங்கள், முடியாவிட்டால் அடுப்பைத் திறந்த வெளிக்குக் கொண்டுவாருங்கள். பிள்ளை பெற்ற பிறகு கதவையும் சன்னலையும் அடைத்து, கரி நெருப்புச் சட்டியை அறைக்குள் வைத்துச் சாம்பிராணி போடும் வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் அதையும் விட்டுவிடச் சொல்லுங்கள். பச்சைக் குழந்தை படுத்திருக்கும் மூடிய அறையில் கனல் இருக்கவே கூடாது.

பீடி, சிகரெட் புகையும் இதே கணக்குத்தான். புகைபிடிக்கும் பெண்களுக்குக் கர்ப்பகால ரத்த அழுத்த நோயான பிரீ-எக்லாம்ப்சியா சற்றுக் குறைவாக வருகிறது என்ற புள்ளிவிவரமும், அதற்குக் கார்பன் மோனாக்சைடு காரணமாக இருக்கலாம் என்ற ஊகமும் உண்மையிலேயே உள்ளவை. அதே பெண்களுக்குக் குறை மாதப் பிரசவமும், எடை குறைந்த குழந்தையும், நஞ்சுக்கொடி முன்னதாகவே பிரிந்துவிடும் ஆபத்தும் கூடுதலாக இருக்கின்றன. கடலுக்குப் போய்த் திரும்பும் தங்கையின் கணவர் வீட்டுக்குள் புகைக்காமல் இருந்தால் நல்லது.

கரையில் ஒதுங்கிய பாசி அழுகும்போது வருவது ஹைட்ரஜன் சல்ஃபைடின் நாற்றம்தான். திறந்த கடற்கரையில், காற்று வீசிக்கொண்டிருக்கும் இடத்தில், அந்த நாற்றம் மூக்குக்குத் தொல்லையே தவிர அதனால் வலி வந்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. வலி நிற்கும் என்று நம்பவும் இடமில்லை. நாற்றம் மிகுந்து தலை வலித்தால் விலகிப் போய்விடலாம். மூடிய இடங்களில்தான் ஆபத்து: மீன் கழிவு தேங்கிய தொட்டி, மூடிக் கிடந்த செப்டிக் டேங்க், மீன் அழுகிய படகின் அடித்தட்டு போன்றவை. அங்கே இந்த வாயு அடர்ந்துவிட்டால் முகரும் உணர்வையே மழுங்கடித்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று நினைத்து உள்ளே இறங்குபவர்கள் உயிரை இழக்கிறார்கள். இது கர்ப்பிணிக்கு மட்டுமல்ல, உங்கள் வீட்டு ஆண்களுக்கும் சொல்லப்பட வேண்டியது.

கடைசியாக, நீங்கள் எழுதியிருந்த சாயங்கால இறுக்கத்தைப் பற்றிச் சொல்கிறேன். 28 வாரத்தில் எப்போதாவது வயிறு இறுகித் தளர்வது இயல்பு. அதை இங்கிலாந்து மருத்துவரான பிராக்ஸ்டன் ஹிக்ஸ் 1872இலேயே விவரித்திருக்கிறார். உங்கள் பகுதியின் வெயிலில், தண்ணீர் குடிப்பது குறைந்து, குடம் சுமந்து, நாள் முழுக்க நின்றுவிட்டுச் சாயங்காலம் உட்காரும்போது இது கூடுவதைப் பல பெண்களிடம் பார்க்கிறேன். சீரகத் தண்ணீர் குடித்தால் சூட்டு வலி அடங்கும், பிரசவ வலி கூடும் என்று மாமியார் சொல்வதில் பாதி சரி: தண்ணீர் குடித்து இடது பக்கமாகச் சற்றுப் படுத்தால் அடங்குவது பெரும்பாலும் பொய் வலிதான். ஆனால் அடங்கிவிட்டது என்பதற்காகக் குறை மாத வலி இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது, அதிலும் மூத்தது குறை மாதமாகப் பிறந்திருக்கும்போது. சிறுநீரில் தொற்று இருந்தாலும் கருப்பை இப்படி இறுகும்; எரிச்சல் இல்லாமலும் தொற்று இருக்கும். ஆகவே சிறுநீர்ப் பரிசோதனையும், கருப்பை வாயின் நீளத்தை அளக்கும் ஸ்கேனும் இந்த வாரமே தேவை.

ஒரு மணி நேரத்தில் ஆறு முறையோ அதற்கு மேலோ இறுகினால், இடைவெளி சீராகக் குறைந்துகொண்டே வந்தால், இடுப்பிலிருந்து முன்பக்கம் வலி பரவினால், கீழே அழுத்துவது போலிருந்தால், நீர் கசிந்தால், உதிரம் பட்டால், குழந்தையின் அசைவு குறைந்தால், அந்த நிமிடமே 108க்கு அழையுங்கள். சீரகத்துக்கு அடுப்பை மூட்டிக் காத்திருக்க வேண்டாம். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் குழந்தையின் நுரையீரலைப் பக்குவப்படுத்தும் டெக்ஸாமெத்தசோன் ஊசியின் முதல் தவணையைப் போட்டுவிட்டு, ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். அந்த ஊசி 6 மில்லிகிராம் வீதம், 12 மணிக்கு ஒருமுறை, நான்கு தவணை. நிஃபெடிபின் கொடுத்து வலியை இரண்டு நாள் தள்ளிப்போடுவது முக்கியமாக இந்த ஊசி வேலை செய்வதற்கும், பச்சிளங்குழந்தைப் பிரிவு உள்ள இடத்துக்குத் தாய் போய்ச் சேர்வதற்கும்தான். 32 வாரத்துக்குள் பிரசவம் நடக்கும் என்று தோன்றினால், குழந்தையின் மூளையைக் காக்க மெக்னீசியம் சல்ஃபேட்டும் கொடுப்பார்கள். எடை குறைந்த, குறை மாதக் குழந்தை வயிற்றுக்குள் இருந்தபடியே பயணம் செய்வது, பிறந்த பிறகு ஆம்புலன்ஸில் பயணம் செய்வதைவிட எத்தனையோ மடங்கு பாதுகாப்பானது. ஆகவே வழியில் இறங்கி வேறெங்கும் காட்டிக்கொண்டிருக்காமல் நேராகப் போங்கள்.

போகும்போது கர்ப்பிணி அட்டை, ஸ்கேன் அறிக்கைகள், ஆர்ஜினின், புரோஜெஸ்டிரோன் உட்பட அவர் எடுக்கும் மருந்துகள் எல்லாவற்றையும் ஒரே பையில் எடுத்துச் செல்லுங்கள். நீங்கள் இந்தக் கடிதத்தைப் படிப்பதற்கு முன்பே யாராவது அப்பாவின் மாத்திரையைத் தங்கைக்குக் கொடுத்திருந்தால், எப்போது, எத்தனை என்பதை முதலில் பார்க்கும் செவிலியரிடமே சொல்லிவிடுங்கள். அதற்காக யாரும் உங்களைத் திட்டமாட்டார்கள், ரத்த அழுத்தத்தைப் பார்த்து நிஃபெடிபினின் அளவை முடிவு செய்வதற்கு அவர்களுக்கு அது தெரிந்தாக வேண்டும்.